பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர்

போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில் உங்களில் ஒருவர்தான் என்னிடம் கேட்டீர்கள். வாயில் பாதி வடை இருந்தது. "கடைசி மகளுக்குக் கையிலை வேர்வை கூடவாம். தண்ணிக்குள்ளை கையை வைச்சுக் கரண்ட் விடுற மெசின் ஒண்டை வீட்டுக்கே எடுப்பிச்சிருக்கிறாள். உமக்கு உந்த விஷயமெல்லாம் தெரியும்தானே. பிள்ளை செத்துக்கித்துப் போகாதோ?"

"சாகாள்," என்றேன். "தண்ணியை மட்டும் பார்த்து ஊத்தச் சொல்லுங்கோ."

நீங்கள் சிரித்தீர்கள். நான் பகிடி விடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் வயதுக்காரர் கூடினால் நீரிழிவு பேசுவோம், பிரஷர் பேசுவோம், மாற்றிய முழங்காலின் எக்ஸ்ரேயைத் தொலைபேசியில் காட்டுவோம். மலச்சிக்கலைப் பற்றிச் சாப்பாட்டு மேசையிலேயே கருத்தரங்கு நடத்துவோம். வியர்வையைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டோம். அது உடம்பு வருத்தம் அல்ல, குணக்கேடு என்று எங்களுக்கு ஓர் எண்ணம். கை வேர்த்தால் பயந்தவன், பொய் சொல்கிறவன், அல்லது காதல் கடிதம் ஒளித்து வைத்திருப்பவன்.

நான் போன ஆண்டு இளைப்பாறினேன். அதற்கு முன் முப்பத்துநாலு ஆண்டுகள் அரசாங்க அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து, மற்றவர்களின் உடம்பில் செய்யப்பட்ட சிகிச்சைகளுக்குக் கட்டணப் பட்டியலில் இலக்கம் போட்டேன். பித்தப்பைக்கு ஓர் இலக்கம், கண்புரைக்கு ஓர் இலக்கம். வியர்வைக்கும் உண்டு. ஆகவே வியர்வைச் சிகிச்சைகளின் பட்டியல் எனக்கு மனப்பாடம். முதலில் அலுமினியம் கலந்த பூச்சு. படுக்கைக்குப் போகும்போது நன்றாகக் காய்ந்த தோலில் பூசி, காலையில் கழுவவேண்டும். ஈரத் தோலில் பூசினால் எரியும். எந்நேரமும் ஈரக் கையோடு இருப்பவருக்கு இந்த விதியை எழுதியவரை ஒருமுறை நேரில் பார்க்க எனக்கு ஆசை. பூச்சு கைகொடுக்காவிட்டால் தண்ணீரும் மின்சாரமும். அடுத்தது உள்ளங்கையில் ஊசி. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல வரிசையாகக் குத்துவார்கள், சில மாதங்கள் நிற்கும். விழுங்கும் குளிசையும் உண்டு. அது கையோடு சேர்த்து வாயையும் கண்ணையும் காயவைக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் சத்திரசிகிச்சை. நெஞ்சுக்குள் போய், கையை வேர்க்கச் சொல்லும் நரம்பை வெட்டுவது. கை காய்ந்துவிடும். ஆனால் பலருக்கு அந்த வியர்வை முதுகுக்கும் வயிற்றுக்கும் குடிபெயரும். இடம்பெயர்வைப் பற்றி நமக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கடைசிச் சிகிச்சைக்கு, பன்னிரண்டாவது வயதில், எனக்கு நாள் குறித்தார்கள். நெஞ்சை வெட்டாமல் தப்பினேனா என்பதுதான் கதை. நாள் குறித்ததற்குக் காரணம் வருத்தம் அல்ல, தண்ணீர்.

நாங்கள் மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலம் அது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி. வெளியே இரும்புப் படிக்கட்டு, உள்ளே ஒரு குசினியும் இரண்டு அறைகளும், பாம்பு சீறுவதுபோல இரைந்து வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றர். மூன்று வீட்டுக் கறி மணமும் ஏறி வந்து எங்கள் கதவில்தான் முட்டும்.

என் கைகள் நினைவு தெரிந்த நாள் முதல் இப்படித்தான். ஈரக்கை என்று சொன்னால் போதாது. தொங்கவிட்டால் விரல் நுனியில் திரண்டு சொட்டும். ஊரில் வெயில் என்று ஒரு சாக்கு இருந்தது. இங்கே அந்தச் சாக்கும் போய்விட்டது. கம்பளிக் கையுறை உள்ளே நனைந்து, பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் பலகைபோல விறைத்துவிடும். வகுப்பில் கழற்றிக் காயவைத்தால் நனைந்த ஆட்டின் மணம் எழும்பும். கொப்பியில் எழுதினால் கீழ்வரியை எழுதும்போது மேல்வரி கரைந்து உள்ளங்கைக்கு வந்துவிடும். என் பிரெஞ்சு வினைச்சொற்கள் பாதி கையில்தான் இருந்தன.

எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. அம்மாவுக்கு அது உடற்சூடு. சனிக்கிழமை தோறும் தலையில் நல்லெண்ணெய் வைத்து முழுகவார்த்தார். வெந்தயம் ஊறிய தண்ணீர் தந்தார். வெளியே மூக்குமயிர் உறையும் குளிர். சூடு தணிந்ததோ தெரியாது, எனக்குச் சளி பிடித்தது. அப்பாவுக்கு அது நரம்புத் தளர்ச்சி. "பயப்பிடாமல் இரு, நிண்டிடும்," என்பார். நான் எதற்கும் பயப்படவில்லை என்று சொன்னால், அப்படிச் சொல்வதே பயத்தின் அறிகுறி என்பார்.

எங்கள் ஆசிரியைக்கு அது எங்கள் நாட்டு யுத்தம். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் வகுப்பு அது. அவரை 'மதாம்' என்றே கூப்பிடுவோம். ஒருநாள் என் நனைந்த கொப்பியைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டு வர்ணப் பென்சில்கள் தந்தார். ஊரில் கண்டதைக் கீறு என்றார். நான் ஒரு ஹெலிகொப்டர் கீறினேன். அவர் கண் கலங்கி, எனக்கு ஒரு பிஸ்கற் தந்தார். அடுத்த நாள் இரண்டு ஹெலிகொப்டர் கீறினேன்.

ஹெலிகொப்டர் பொய் அல்ல. ஆனால் என் கைகள் அது வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சமாதானமான தொட்டிலில் படுத்துக்கொண்டே வேர்த்தவை. அதை விளக்கும் அளவுக்கு அப்போது என்னிடம் பிரெஞ்சு இல்லை. பிஸ்கற் மீது விருப்பம் இருந்தது. இப்படி எழுதுவது நன்றிகெட்ட வேலை என்று தெரியும். ஏனென்றால் காரணத்தைத் தவறாகப் பிடித்த அந்தப் பெண்தான் சரியான காரியத்தைச் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

தோல் வைத்தியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் மனிதர். என் கையில் அயடீன் பூசி, காயவிட்டு, மேலே மா தூவினார். அரை நிமிடத்தில் உள்ளங்கை முழுவதும் நாவல்பழ நிறமாகியது.

"ஐயோ, பிள்ளையின்ரை கைக்குள்ளை நஞ்சோ?" என்றார் அம்மா.

வேர்க்கும் இடத்தில் நிறம் மாறும், அவ்வளவுதான் என்றார் வைத்தியர். பயமும் இல்லை, சூடும் இல்லை. சுரப்பிகள் ஓய்வு தெரியாமல் வேலை செய்கின்றன, ஒருவருடைய குற்றமும் இல்லை. அதற்குள் கொஞ்சம் தேறியிருந்த பிரெஞ்சை வைத்து நான் மொழிபெயர்த்தேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும், ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் அப்போது நான்தான் மொழிபெயர்த்தேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'மொழிபெயர்ப்பாளர் தேவையா?' என்று ஒரு பெட்டி இருந்தது. பெருமையோடு 'இல்லை' என்று கோடிட்டேன்.

முதலில் பூச்சு. அது என் கையை எரித்துத் தோலை உரித்ததே தவிர ஒரு சொட்டையும் நிறுத்தவில்லை. அதன்பிறகு வைத்தியர் ஒரு பெட்டியை இரவலாகத் தந்தார். ஆறு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு வீட்டில் வைத்துச் செய்யுங்கள் என்றார். அதற்கும் கேட்காவிட்டால் சத்திரசிகிச்சை வைத்தியரிடம்தான் போகவேண்டும். கக்கத்துக்குக் கீழே கீறி, விலா எலும்புகளுக்கு நடுவால் போய், நரம்பை வெட்டுவார்கள். இப்போது இரண்டு சின்னத் துளையும் ஒரு கமெராவும் போதும். அப்போது அப்படி இல்லை.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"மெசின் சரிவராட்டில் கக்கத்தடியிலை சின்னக் கீறல் ஒண்டாம்," என்றேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு மனச்சாட்சி தேவை என்று எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் இருந்தார். மூடியைத் திறந்தால் ஒரு திருகி, ஒரு சின்னச் சிவப்பு லைற், சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர், அலுமினியத் தகடு பதித்த இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகள்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஊரில் அவர் பற்றறி சார்ஜ் செய்யும் கடை வைத்திருந்தவர். லொறிக்காரர், உழவு மெசின்காரர், கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர், எல்லோரும் பற்றறியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். அவருக்கு ஒரே ஒரு வேதம் இருந்தது. பற்றறிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்றவேண்டும். ஊரில் அதற்குப் பெயரே பற்றறித் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே படிவு பிடித்து, தகடு செத்துப்போகும். அப்படி ஊற்றிக்கொண்டு வந்த சாரதியை, வயது பார்க்காமல், பெயர் பார்க்காமல், கடை வாசலில் வைத்தே ஏசி அனுப்புவார். சனம் அதற்காகவே அவரை மதித்தது.

மொன்றியலில் அவருக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களில் இருந்து திரும்பி வரும் சாப்பாட்டுத் தட்டுகளைச் சுரண்டிக் கழுவும் வேலை. அங்கே யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. விரலைக் காட்டுவார்கள், அவர் அந்தப் பக்கம் போவார். வீட்டில் வாடகைக் கடிதம் முதல் மாப் பையில் எழுதியிருப்பது வரை அவர் என்னைக் கேட்கவேண்டும். இந்தப் பெட்டிக்கு மட்டும் நாங்கள் அவரைக் கேட்கவேண்டியிருந்தது.

நான் செய்முறைக் கடுதாசியை வாசித்தேன். நகை எல்லாம் கழற்றவேண்டும். கீறல் காயம் இருந்தால் வாஸ்லின் பூசவேண்டும். இளஞ்சூட்டுக் குழாய்த் தண்ணீர்...

"என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணியாம் அப்பா."

அப்பா சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. "குழாய்த் தண்ணியோ! உள்ளுக்குத் தகடு இருக்கு, வயர் இருக்கு, கரண்ட் போகுது. குழாய்த் தண்ணி ஊத்தினால் தகடு என்ன கதி? அவைக்கென்ன, பழுதானால் வேறை ஒண்டு எடுப்பினம். இது இரவல் சாமான், பிள்ளை. வாங்கின மாதிரியே திருப்பிக் குடுக்கவேணும். கடுதாசியை மடிச்சு வை."

"அப்பா, இதிலை போட்டிருக்கு..."

"மடிச்சு வை எண்டனான்."

மடித்து வைத்தேன். மூலைக்கடையில் நீராவி அயன்பெட்டிக்கு ஊற்றுவதற்கு வடித்த தண்ணீர் விற்றார்கள். அப்பா பெரிய கலன் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, பனிபிடித்த இரும்புப் படிகளில் ஏறி வந்தார். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் ஏறி வந்தார்.

அம்மா என் காப்புகளைச் சவர்க்காரம் பூசிக் கழற்றினார். வெறுங்கையாய் விடக்கூடாது என்று மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டினார். அப்பா தட்டுகளை மேசையில் வைத்து, தகட்டின் மேல் துவாய்த் துண்டு விரித்து, தண்ணீரை அளந்து ஊற்றுவார். நான் இரண்டு கையையும் வைப்பேன். அவர் திருகியை மெல்லத் திருப்புவார். சிவப்பு லைற் எரியும்.

"கடிக்குதோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை அப்பா."

"இப்ப?"

அவர் முகத்தைப் பார்ப்பேன். "கொஞ்சம்," என்பேன்.

"பாத்தீரோ?" என்று அம்மாவிடம் சொல்வார். "கரண்ட் எண்டால் பொம்பிளைப் பிள்ளையள் கத்திக் குழறுங்கள். இவள் அசையிறாளே?"

இருபது நிமிடத்தின் கடைசியில் உண்மையாகவே மிக மெல்லிய ஒரு கூச்சம் விரலோரத்தில் தெரியும். அது என் சொந்த வியர்வை உப்புக் கரைந்ததால் வந்தது என்பதைப் பிற்பாடு படித்து அறிந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா தண்ணீரைக் கொட்டிவிடுவார். அடுத்த முறைக்குப் புதுத் தண்ணீர்.

நான் வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கையைத் தண்ணீரில் வைத்திருப்பவளால் எழும்பிப் போகமுடியாது. அந்த இருபது நிமிடமும் அப்பா எனக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு கதை சொல்வார். இறந்துபோன பற்றறியை உயிர்ப்பித்த கதை. மாப்பிள்ளையின் கார் கோயிலடியில் நின்றுபோய், இவர் ஓடிப்போய்க் கலியாணத்தைக் காப்பாற்றிய கதை. அமிலம் தெறித்து வேட்டியில் விழுந்த ஓட்டைகளை வைத்தே எந்த லொறியின் வேலை என்று சொல்லமுடிந்த கதை. டோர்வலில் இருந்து திரும்பும் அந்தப் பேச்சில்லாத மனிதர், சிவப்பு லைற் எரியும் நேரம் மட்டும் எங்கள் ஊர் அப்பாவாக இருந்தார். கிழமைக்கு நாலு தரம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, விருந்தில் கேட்டவருக்காகச் சில விஷயங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த மெசினுக்குக் கிட்டவும் போகக்கூடாது. கர்ப்பிணிகள் வேண்டாம். உடம்பில் உலோகம் பூட்டியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். கரண்டைக் குறைத்து நிறுத்தாமல் கையை வெளியே இழுக்கக்கூடாது. வீட்டில் கிடக்கும் வயரையும் தட்டையும் வைத்துத் தானே ஒன்றைச் செய்கிறேன் என்று புறப்படும் மருமகனைக் கட்டிப்போடுங்கள். எங்கள் வயதில் புதிதாக, காரணம் இல்லாமல் வேர்க்கத் தொடங்கினால் மெசின் தேடாமல் வைத்தியரிடம் போங்கள். அது வேறு கதையாக இருக்கலாம்.

ஆறு கிழமை முடிந்தது. கையில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பாவோடு தோல் வைத்தியரிடம் போனேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: குழாய்த் தண்ணீர்தானே பாவித்தீர்கள்?

அப்பா பக்கத்தில் இருந்தார். வேலைச் சட்டையை மாற்றி, ஊரில் இருந்து கொண்டுவந்த நல்ல சட்டையைப் போட்டிருந்தார். நான் திரும்பி அவரிடம் கேட்கவேண்டும். அதுதான் மொழிபெயர்ப்பு. கேட்டால் அவர் உண்மையைச் சொல்வார். சொன்னால் இந்த வெள்ளைக்காரர் அவருக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுப்பார்.

நானே பிரெஞ்சில் 'ஆம்' என்றேன்.

"என்ன கேட்டவர்?"

"ஒழுங்காச் செய்தனீங்களோ எண்டு."

"ஒரு நாளும் விடேல்லை எண்டு சொல்லு. காய்ச்சல் எண்டு நீ படுத்த அண்டைக்கும் செய்தது எண்டு சொல்லு."

சொன்னேன். வைத்தியர் அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டு, சத்திரசிகிச்சை வைத்தியருக்குக் கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரி நாளும் குறித்தது. வசந்தம் தொடங்கியபின் ஒரு வியாழக்கிழமை.

வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. அம்மா நான் நித்திரை என்று நினைத்துக்கொண்டு என் கக்கத்தடியைத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் உலை கொதிக்கும்போது, "வெட்டினாப் பேந்து கையைத் தூக்கித் தலை சீவி இழுக்கலாமோ எண்டு கேட்டனியோ?" என்றார். கேட்கவில்லை. தூக்கலாம் என்று சொன்னேன். அப்பா கதை சொல்வதை நிறுத்திவிட்டார். பெட்டியைத் துடைத்து, வயரைச் சுற்றி, திருப்பிக் கொடுக்கத் தயாராக வைத்தார். "மெசினிலை பிழையில்லை," என்று மட்டும் சொன்னார். "எங்கடை பிள்ளையின்ரை உடம்பு அப்பிடி."

எனக்குத் தெரியும், உடம்பில் பிழையில்லை. ஆனாலும் நெஞ்சைத் திறப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் தூங்கும்போது செய்வார்களாம். அப்பா பிழை என்று அவர் காது கேட்கச் சொல்வதற்கு மயக்க மருந்து இல்லை. பன்னிரண்டு வயதுக் கணக்கு அது. பிற்பாடு அலுவலகத்தில் பெரியவர்கள் இதைவிட மோசமான கணக்குகளோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு விதி. முப்பத்துநாலு ஆண்டு விதிகளோடு வாழ்ந்தவள் சொல்கிறேன், அவற்றில் பெரும்பாலானவை யாரையும் காப்பாற்றியதில்லை. சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் நாள், தாதி எங்கள் படிவத்தைப் பார்த்தார். 'மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை' என்ற என் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெட்டப்படப் போகிறவளே மொழிபெயர்ப்பதா?" என்று சொல்லி, அதைக் குறுக்கே கீறிவிட்டு, எங்கேயோ தொலைபேசி எடுத்தார்.

ஒரு மணித்தியாலம் கழித்து, பெரிய குளிர்ச்சட்டைக்குள் சின்ன மனிதர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். ஆஸ்பத்திரி அழைத்த மொழிபெயர்ப்பாளர், எங்கள் ஊர்ப்பக்கம். "குறை நினையாதேங்கோ அண்ணை, பஸ் பிந்திப்போச்சு," என்று அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பின்வரிசைக் கதிரைக்கு அனுப்பினார்கள்.

சத்திரசிகிச்சை வைத்தியர் எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டார். எப்போது தொடங்கியது, என்ன பூசினீர்கள், மெசினை எப்படிப் பாவித்தீர்கள்.

"குழாய்த் தண்ணியோ ஊத்தினனீங்கள் எண்டு கேக்கிறார், அண்ணை."

எனக்கு இரண்டு கையும் மடியில் சொட்டின.

"குழாய்த் தண்ணியோ?" அப்பா நிமிர்ந்து இருந்தார். "நான் என்ன விசரனே, தம்பி? இருபது வருஷம் பற்றறிக்கடை வைச்சிருந்தனான். வடிச்ச தண்ணி. கலன் கலனா வாங்கி ஊத்தினனான். ஒரு சொட்டு வேறை தண்ணி அதிலை படேல்லை. தகட்டைப் பாக்கச் சொல்லுங்கோ. புதுசு மாதிரி இருக்கும்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். வைத்தியர் பேனையை வைத்துவிட்டார். தாதி ஜன்னலைப் பார்த்தார். பிறகு வைத்தியர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"வடிச்ச தண்ணியிலை கரண்ட் ஓடாதாம், அண்ணை. தண்ணியிலை கொஞ்சம் உப்பு, தாதுப்பொருள் இருக்கவேணுமாம். குழாய்த் தண்ணியிலை அது இருக்காம். இவ்வளவு நாளும் பிள்ளைக்குக் கரண்டே போகேல்லையாம்."

யாரையும் பார்க்காமல் அப்பா சொன்னார். "ஆசிட் விடாத பற்றறியிலை சார்ஜ் ஏறாது. எத்தினை பேருக்கு நானே சொல்லியிருக்கிறன்."

வைத்தியர் இன்னொரு வசனம் சொன்னார்: குழாய்த் தண்ணீரோடு திரும்பத் தொடங்குங்கள், குறித்த நாளை நான் அழிக்கவில்லை, அதற்குள் கை காயாவிட்டால் வெட்டுகிறேன். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு விளங்கும். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, மேலும் சொன்னார்.

"இவ்வளவு காலத்திலை மெசினை இப்பிடிச் சுத்தமா வைச்சிருந்த தகப்பனை நான் காணேல்லை எண்டு டொக்டர் சொல்லுறார், அண்ணை."

டொக்டர் சொல்லவில்லை. நான் என் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மெட்ரோவில் திரும்பினோம். பனி கரைந்து தெருவோரம் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போய், குழாயைத் திறந்து, இரண்டு தட்டிலும் பிடித்து மேசையில் வைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"வாசிச்சனீ. நான்தான் மடிக்கச் சொன்னனான்."

"ஓம் அப்பா."

"வெட்டியிருப்பாங்கள்."

அம்மா நடுவில் வந்தார். "இஞ்சருங்கோ, பிள்ளையை ஏசிப் பேசாதேங்கோ."

"நான் அவளைப் பேசேல்லை," என்றார் அப்பா.

அடுத்து அவர் செய்ததை எந்தக் கையேடும் அனுமதிக்காது. நீங்களும் செய்யவேண்டாம். தன் மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றினார். இடது கையை ஒரு தட்டுக்குள் வைத்தார். என் வலது கையை மற்றத் தட்டுக்குள் வைக்கச் சொன்னார்.

"இனி மற்றக் கையைத் தா."

நான் கையைப் பாவாடையில் துடைக்கப் போனேன்.

"துடையாதை. ஈரம் வேணும்."

என் கையைப் பிடித்தார். எங்கள் இருவருக்கும் இனிக் கை மிச்சம் இல்லை. "நீர் திருகியைத் திருப்பும்," என்றார் அம்மாவிடம்.

"ஐயோ, நான் உதிலை கை வைக்கமாட்டன்."

"மெல்லத் திருப்பும். நான் சொல்லேக்கை நிப்பாட்டும்."

அம்மா சீலைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு திருகியைத் தொட்டார். சிவப்பு லைற் எரிந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வலது கையின் விளிம்பில், தண்ணீர் தோலைத் தொடும் கோட்டில், சிற்றெறும்பு வரிசையொன்று ஊர்ந்தது. வரிசை கூட்டமாகியது. ஆறு கிழமை நான் பொய்யாகச் சொன்ன கடி இதுதான். அப்பாவின் விரல்கள் என் விரல்களை இறுக்கின. அவருக்கும் வந்துவிட்டது.

"ஏறுது," என்றார். பிறகு, அம்மாவிடம் நிறுத்தச் சொல்ல மறந்து, இன்னொருதரம், "ஏறுது, பிள்ளை."

"அப்பா, கடிக்குது!" என்று கத்தினேன். அம்மா குழறிக்கொண்டு திருகியை மற்றப் பக்கம் திருப்பினார்.

அதற்குப் பிறகு என் இரண்டு கைகளையும் வைத்து, ஒழுங்கு முறையாகத்தான் செய்தோம். மூன்றாம் கிழமை ஒரு காலை என் விரல்கள் ஒன்றோடொன்று உரசியபோது தாள் உரசும் சத்தம் கேட்டது. தோல் வைத்தியர் அயடீனும் மாவும் போட்டார். அங்கங்கே சில நீலப் புள்ளிகள், அவ்வளவுதான். சத்திரசிகிச்சை வேண்டாம் என்று நாள் குறித்த அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் தொலைபேசியை எடுக்கப் போனேன். அப்பா எனக்கு முன் எடுத்தார். இலக்கத்தைச் சுழற்றினார். டோர்வலிலும் ஆஸ்பத்திரியிலும் பொறுக்கிய சில பிரெஞ்சுச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சத்திரசிகிச்சை, இல்லை. கை, காய்ந்தது. வியாழக்கிழமை, இல்லை. நன்றி.

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் எழும்பவில்லை. அவர் ஒருதரம் மூச்சை இழுத்துவிட்டு, என் நீண்ட பெயரை, எழுத்து எழுத்தாக, அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தொடங்கினார்.